ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நித்திரை வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தவிர வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை. திங்கள் முதல் சனி வரை வெள்ளைக்காரர்களோடு அலைந்து, அகதி முகாம்களிலும் வைத்தியசாலை விறாந்தைகளிலும் நின்று, ஒருவர் அழுவதை இன்னொருவருக்கு இங்கிலிசில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிடும். ஏழாம் நாளாவது வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்போம் என்றால், மருதனார்மடச் சந்தியில் அவர்களுடைய வாகனம் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். "கோதாரி, இண்டைக்கும் வந்திட்டாங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே சேட்டை மாட்டுவேன்.

அவர்கள் ஒரு நிவாரண நிறுவனத்தின் ஆட்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். குடாநாட்டுக்குள் வரவும் பாதை இல்லை, போகவும் பாதை இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை. மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றும். இந்த இலட்சணத்தில் இங்கே சுற்றுலா வர யாருக்கு விசர்? ஆனால் கிழமை முழுக்க முகாம்களில் கிணறு இறைப்பித்தும் காயத்துக்கு மருந்து கட்டியும் களைத்துப்போகிற அதே ஆட்கள், ஞாயிறு விடிந்தால் தலையில் தொப்பியும் காலில் செருப்புமாகச் சுற்றுலாப் பயணிகளாகிவிடுவார்கள். அவர்களுக்குக் கடல் பார்க்க வேண்டும். கடலுக்குள் என்ன இருக்கிறது, கரையில் இருக்கிற சனம் எப்படிச் சீவிக்கிறது என்று அறிய வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் போகவே முடியாது. ஆகவே பருத்தித்துறை. அறிகிறவர்கள் அவர்கள், வாய் நோகிறவன் நான்.

எனக்குக் கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் பக்கம் வெங்காயமும் புகையிலையும் வைக்கிற ஊர். கடல் என்றால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகுவது, அவ்வளவுதான். கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அகதியாகக் கப்பலேறி வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒரு உடுப்புப் பையும் வாயில் கொஞ்சம் இங்கிலிசும் மிஞ்சியிருந்தன. அந்த இங்கிலிசுதான் பிறகு சோறு போட்டது. கப்பல் கம்பனியில் இருந்தவன் என்றதும் எனக்குக் கடல் தெரியும் என்று வெள்ளையர்கள் நம்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பலில் வந்த சாமான்களுக்கு எழுதுகிற கடதாசி மட்டும்தான்.

புத்தூரால் போய், வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைய, நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறைக்குப் போவோம். முதல் ஞாயிறு போனபோதே வம்பு. நான் 'நெட்டையர்' என்று மனதுக்குள் கூப்பிட்ட ஒருவர் இருந்தார். முகாம்களுக்குத் தண்ணீர் பார்க்கிற பொறியியலாளர். முப்பது வயதுகூட இராது, பனை உயரம், நல்ல மனம், எதைக் கண்டாலும் கேள்வி. கரையில் ஒருவர் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். நெட்டையர் மீனைப் பார்த்துக்கொண்டு போன போக்கில் அந்த வலையை ஒரே எட்டில் கடந்துவிட்டார்.

"ஆரது, வலையைக் கடக்கிறது!" என்று ஒரு பெண்குரல் கேட்டது. மணலில் ஓடிவந்தாள். நாற்பதுக்குக் கிட்டிய வயது, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. "மாஸ்ரர், உவருக்குச் சொல்லுங்கோ. வலையைக் கடந்தால் மீன் படாது. சுத்தித்தான் போக வேணும்."

நான் மொழிபெயர்த்தேன். நெட்டையர் பயந்துபோய், வந்த வழியே திரும்பவும் வலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஐயையோ, திரும்பவும் கடக்குதே இந்தப் பிறவி!" என்று அவள் தலையில் கையை வைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் குந்திவிட்டாள். வலை பொத்திக்கொண்டிருந்தவர் அவளுடைய தமையன். அவர் சிரிக்கவில்லை.

நான் ஒருநாளும் படிப்பித்தவன் அல்ல. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு இங்கிலிசு கதைத்தால் அந்தக் கரையில் மாஸ்ரர்தான். அன்று முதல் அவள் எனக்கு 'மாஸ்ரர்' என்றே சொன்னாள். நான் 'தங்கச்சி' என்றேன்.

அவளுக்கு வெள்ளையர் புதிதல்ல. எண்பத்து மூன்றுக்கு முன்னர் உண்மையான உல்லாசப் பயணிகள் இலங்கையின் வடக்கு முனையைப் பார்க்க வருவார்களாம். அவளுடைய புருசன் அவர்களைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரைக்குக் கிட்டிய பாறைகளைக் காட்டிவிட்டு வருவானாம். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவள் அப்போதே கண்டுகொண்டாள். "விக்கேலாத சாமான் எல்லாம் அவையளுக்கு வடிவு மாஸ்ரர். பாரை மீனைக் காட்டினா பாக்க மாட்டினம். கடற்குதிரையைக் காட்டினா கூத்தாடுவினம்." கலவரத்துக்குப் பிறகு ஒரு வெள்ளையும் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து நாங்கள் போய் இறங்கியதும் அவள் பழையபடி தொடங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போனபோது அவளுடைய கொட்டில் வாசலில் இரண்டு அலுமினியச் சட்டிகளில் கடல்தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள். ஒன்றில் நட்சத்திர மீன், கடலட்டை. மற்றதில் ஒரு கடற்குதிரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் சாக்கை விரித்துச் சங்கு, சோகி, பவளக் கல் எல்லாம் பரப்பியிருந்தாள். எது உயிருள்ளது, எது செத்தது, எதைத் தொடலாம், எதைத் தொட்டால் கை வீங்கும், பாறையில் எங்கே காலை வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். காட்டி முடிந்ததும் உயிருள்ளவற்றைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. "கடலுக்குப் போறவரைப் பின்னாலை நிண்டு கூப்பிடக் கூடாது. எங்கை போறாய் எண்டு கேக்கவும் கூடாது" என்பாள். நெட்டையர் ஏன் என்று கேட்பார். "கேக்கக் கூடாதெண்டா கேக்கக் கூடாதுதான், சொல்லுங்கோ உவருக்கு" என்பாள். நான் அதையும் மொழிபெயர்ப்பேன்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் நன்றாகத்தான் படிப்பித்தாள். கேள்வியும் கேட்பாள். நெட்டையர் தமிழ்ச் சொற்களை வாய்க்குள் போட்டு மென்று மென்று பதில் சொல்லுவார். சரியாகச் சொன்னால் அவள் தலையை ஒரு பக்கம் சரித்து "சரி" என்பாள். அந்த மனுசனின் முகத்தில் அப்போது வரும் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர், ஒரு கரைப் பெண்ணின் "சரி"க்காக வெயிலில் குந்தியிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். நிழலில் இருந்து வெறுந் தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்தபடி, இது எப்போது முடியும், நான் எப்போது வீட்டுக்குப் போய்ச் சரிவது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காற்றுகளைப் படிப்பித்தாள். அதுதான் எனக்கும் ஞாபகத்தில் நின்ற பாடம்.

"முகத்தை நிமித்த வேண்டாம்" என்றாள். "தண்ணியைப் பாத்தே காத்தைச் சொல்லலாம். கொண்டல் எண்டால் கிழக்கிலை இருந்து வாற காத்து. அது அடிச்சால் கரைத்தண்ணி கலங்கும். சாதாழை வந்து குவியும்." கடலடியில் வளர்கிற அந்தப் புல்லைக் காய்ந்த குப்பையாகக் கரையிலிருந்து அள்ளிக் காட்டினாள். "இடுப்பளவு தண்ணியிலை நிண்டால் உன்ரை கால் உனக்குத் தெரியாது. சோழகம் எண்டால் அப்பிடி இல்லை. அது தரையிலை இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. கரை துப்புரவாக் கிடக்கும். தண்ணி கண்ணாடி. கீழை ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம்."

நெட்டையர் கையால் காட்டிக் கேட்டார். கொண்டல் இப்படி, சோழகம் இப்படி. அவருடைய வாயில் அது 'சோலகம்' என்றுதான் வந்தது. "சரி" என்றாள்.

"படகு ஒண்டு இயந்திரம் இல்லாமல் கடலிலை விட்டுப்போனால்?" என்று அவர் கேட்டார். பொறியியலாளர் அல்லவா, அப்படித்தான் கேட்பார்.

"கொண்டலிலை விட்டால் மேற்காலை இழுத்துக்கொண்டு போய் இந்தியாக் கரையிலை, கோடியக்கரைப் பக்கம் போடும். முந்தியும் அப்பிடிப் போய் ஆக்கள் உயிரோடை வந்திருக்கினம். சோழகத்திலை விட்டால்..." கையை வெளிக்கடலுக்கு நீட்டினாள். "அங்காலை பர்மா வரைக்கும் தண்ணிதான்."

அவள் இந்தப் பாடமெல்லாம் எதற்காகச் சொல்லித்தந்தாள் என்பதை நான் முதல் நாளே அறிந்துகொண்டேன். காசு நீட்டினால் வாங்க மாட்டாள். நாங்கள் வாகனத்துக்கு ஏறப்போகிற நேரம் பக்கத்தில் வந்து நிற்பாள். "மாஸ்ரர், அதை ஒருக்காச் சொல்லுங்கோ" என்பாள்.

அது இதுதான். அவளுடைய புருசன் இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு சித்திரைக் கடைசியில் காலையில் கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. எண்ணெய் இல்லாத காலம், துடுப்போடு தனியே போனான். சுடப்பட்டானா, காற்று இழுத்ததா, மரம் கவிழ்ந்ததா, ஒருவருக்கும் தெரியாது. சித்திரைக் கடைசி காற்று மாறுகிற காலம். ஒருநாள் கொண்டல் அடிக்கும், மறுநாள் சோழகம் அடிக்கும். அவன் போன அன்று கொண்டல் என்பது அவளுடைய கதை. கரையில் யாரைக் கேட்டாலும் "ஓமோம், அண்டைக்குக் கொண்டல்தான்" என்பார்கள். ஆகவே அவன் இந்தியாவில் இருக்கிறான். ஏதாவது முகாமிலோ, மறியலில் அடைபட்டோ இருக்கிறான். வலக்கையில் சுண்டுவிரல் பாதி இல்லை, நல்ல கறுப்பு, கொஞ்சம் திக்குவாய். நீங்கள் இந்தியாப் பக்கம் போனால் கோடியக்கரையில் விசாரியுங்கள்.

வெள்ளையர்கள் மாறி மாறி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவள் "அதை" என்று வாய் திறந்தாலே என் வாயிலிருந்து இங்கிலிசு தானாக வந்துவிடும். அவர்கள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு "முயற்சி செய்கிறோம்" என்பார்கள். அதை நான் திரும்பத் தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டும். எத்தனை தரம்தான் ஒரு மனிசன் ஒருத்தியைப் பார்த்து "முயற்சி செய்யினமாம்" என்று சொல்லுவது? உண்மையைச் சொன்னால், அந்தக் கடற்கரையில் எனக்குச் சலித்தது வெயிலும் இல்லை, தூரமும் இல்லை. அந்த ஒரு வசனம்தான்.

தமையன் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். வலையில் பிழை பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உவள் உங்கடை சொல்லுக் கேப்பாள் மாஸ்ரர். ஒருக்காக் கதையுங்கோ."

"என்னத்தை?"

"போனவன் போயிட்டான். ஒரு அந்தியேட்டி செய்யேல்லை, ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லை. தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சுக் கிரியை செய்யலாம் எண்டு குருக்கள் ஐயா சொல்லுறார். உவள் விடுறாளில்லை. உயிரோடை இருக்கிறவருக்குக் கொள்ளி வைக்கிறியோ எண்டு என்னிலை பாயிறாள். அவன் எங்கை கிடந்து தண்ணிக்கு அலையிறானோ..." முந்தி மச்சானும் மச்சானுமாக ஒன்றாகக் கடலுக்குப் போய் வந்தவர்கள்.

"அண்டைக்குக் கொண்டல் எண்டு நீங்களும்தானே சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தார். "சொல்லாமல்?" என்றார்.

நான் அவளிடம் கதைக்கவில்லை. அது என்னுடைய வேலையும் இல்லை. வெங்காயத் தோட்டத்து ஆள் வந்து கரை ஆளுக்குச் சாவு எது, சீவியம் எது என்று சொல்லுவதா? ஆளை விட்டால் போதும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நெட்டையர் மற்ற வெள்ளையர்கள் போல அல்ல. விடுமுறையில் போனவர், தன் நாட்டுக்குப் போகிற வழியில் சென்னையில் இறங்கி, பஸ் எடுத்துக் கோடியக்கரை வரைக்கும் போயே போய்விட்டார். வந்ததும் முதல் ஞாயிறே அவளிடம் போனோம். அவள் அன்று தலைக்கு முழுகி, நல்ல சேலை ஒன்று உடுத்து நின்றாள். முகாம்களில் கேட்டேன், வைத்தியசாலையில் கேட்டேன், மீனவர் குடியிருப்புகளில் கேட்டேன், விரல் இல்லாத ஆளை ஒருவரும் காணவில்லை என்று அவர் சொன்னார். நான் சொன்னேன்.

"வடிவாத் தேடியிருக்க மாட்டார்" என்றாள். பிறகு தானே சொல்லிக்கொண்டாள்: "பெரிய ஊர். ஒரு ஆள் எவ்வளவைத்தான் தேடுறது. அடுத்த முறை போகேக்கை இன்னும் கொஞ்ச நாள் நிண்டு பாக்கச் சொல்லுங்கோ மாஸ்ரர்."

நெட்டையர் சம்மதித்தார். அடுத்த விடுமுறை முழுவதையும் அதற்கே ஒதுக்குவதாகச் சொன்னார். அவருக்கு அவளில் அவ்வளவு மரியாதை. தாய் தகப்பனைக்கூடப் பார்க்கப் போகாமல் முன்பின் தெரியாத ஒருவனைத் தேடப் போகிறாரே என்று எனக்கு அந்தரமாக இருந்தது.

அவருடைய அந்த விடுமுறை கிட்டிய நேரம், ஒரு ஞாயிறு. வழக்கம் போலச் சட்டிகள், சாக்கு, சங்குகள். அன்று புதிதாக ஒரு ஐவிரல் சங்கு இருந்தது. விரல் விரித்த கை போல நீட்டுகள் கொண்ட பெரிய சங்கு, உட்பக்கம் இளஞ்சிவப்பு. அதை அவள் அதற்கு முந்தி ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. நெட்டையர் போகப்போகிறார் என்பதற்காக எடுத்தாளோ தெரியாது. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே எடுத்தது என்று கேட்டார்.

நான் கேட்டேன். அவள் சொன்னாள்.

"அது அவர் போன அண்டு காலமை எடுத்தது. மரத்தைத் தள்ளிக் குடுக்க நானும் இறங்கினனான். இடுப்பளவு தண்ணி. அவர் ஏறித் துடுப்பு வலிக்கத் தொடங்கிட்டார். பின்னாலை கூப்பிடக் கூடாதெல்லே, அதாலை அவரைப் பாக்காமல் கீழை குனிஞ்சனான். என்ரை காலடியிலை உது கிடந்தது. அஞ்சு விரலும் தெரிய, வடிவா."

நான் அலுப்பில், சொல் சொல்லாக, யோசியாமல் இங்கிலிசில் ஒப்புவித்தேன். அன்று காலை, இடுப்பளவு தண்ணீர், குனிந்தாள், காலடியில் கிடந்தது, விரல் எல்லாம் தெரிந்தது. என் மூளை அரை நித்திரையில் இருந்தது. நெட்டையரின் மூளை அப்படி இல்லை. அவர் நல்ல மாணவன். ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவருடைய முகம் விரிந்தது. கணக்கு ஒன்று சரிவந்த பள்ளிப் பிள்ளையைப் போல, என்னைத் தாண்டி, நேரே அவளிடம், தமிழிலேயே சொன்னார்.

"தண்ணி கண்ணாடி. அப்ப அண்டு சோலகம்!"

கையால் தரையிலிருந்து கடலுக்குக் காற்றையும் வீசிக் காட்டினார். அவள் காட்டித்தந்தபடியே காட்டினார். காட்டிவிட்டு அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. ஐயோ கடவுளே என்று வாய்க்குள் சொன்னேன். ஏதாவது சொல்லிக் குழப்பலாம், அவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்று சிரித்து மழுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் இத்தனை காலமும் எல்லாருக்கும் குறுக்கே நின்று கதைத்த என்னை அந்த ஒரு முறை யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வலையோடு இருந்த தமையன் கையை நிறுத்திவிட்டார்.

அவள் நெட்டையரைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் கோபத்தை எதிர்பார்த்தேன், அழுகையை எதிர்பார்த்தேன். அவள் சங்கை அவரிடமிருந்து வாங்கி, சேலைத் தலைப்பால் மணலைத் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள்.

"சரி தம்பி" என்றாள். "சோழகம்தான்."

அதற்குப் பிறகும் அவள் பாடத்தை நிறுத்தவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடிவதில்லை. இந்தச் சங்கு உயிரோடு இருக்கும்போது எப்படி நகரும், எதைத் தின்னும், எந்த மாதத்தில் கரைக்கு வரும் என்று மிச்சத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கினால் அவளுடைய மானம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். முடிந்ததும் அவள் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் உயிருள்ளதெல்லாம் கடலில் விட்டாள்.

நாங்கள் வாகனத்துக்கு ஏறப் போனோம். அவள் வழக்கம் போல வந்து நின்றாள். என் வாயில் அந்த இங்கிலிசு ஆயத்தமாக இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

"மாஸ்ரர், உவரைத் தாய் தகப்பனிட்டைப் போகச் சொல்லுங்கோ. இந்தியாவுக்குப் போய் மினக்கெட வேண்டாம்" என்றாள்.

நான் சொன்னேன். நெட்டையருக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் போகத்தான் போகிறேன், எனக்கு ஒரு சிரமமும் இல்லை என்று அவர் சொன்னார். "வேண்டாம்" என்று அவள் அவரிடம் நேரேயே தமிழில் சொன்னாள். பிறகு என்னிடம் மெல்ல, "நான் வடிவாத்தான் படிப்பிச்சிருக்கிறன், என்ன மாஸ்ரர்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

வல்லை வெளியில் வைத்து நெட்டையருக்கு விளங்கியது. வாகனத்தை நிறுத்தச் சொன்னார். இறங்கி வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "நான் என்ன செய்துவிட்டேன்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு அவரில் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. "நீ ஒன்றும் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான மறுமொழி சொன்னாய்" என்றேன். அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படுத்தேன். நித்திரை வரவில்லை.

நெட்டையர் விடுமுறையில் போனார். இந்தியாவுக்குப் போகவில்லை. அவர் இல்லாத நேரத்தில் ஒரு கிழமைநாள், தமையன் சைக்கிளில் மருதனார்மடம் வரைக்கும் உழக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வியர்த்து ஒழுக நின்றார். "சம்மதிச்சிட்டாள் மாஸ்ரர். நீங்களும் வர வேணுமாம்" என்றார். நான் மறுப்புச் சொல்லவில்லை.

கொட்டில் முற்றத்தில் கொஞ்சச் சனம்தான். குருக்கள் கிழக்கே பார்த்து இருந்தார். தர்ப்பையில் கட்டிய உருவம் ஒரு வாழையிலையில் கிடந்தது. ஆள் நீளத்துக்கு எல்லாம் இல்லை, ஒரு முழம் வரும். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டு அப்போதும் இருந்தது. தமையன் தோளில் துண்டோடு குருக்களுக்கு முன்னால் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு வருடா வருடம் திவசம் கொடுப்பது அவர் செத்த திதியில். ஆகவே ஒருவர் செத்தால் வீட்டுக்காரர் உடனே பஞ்சாங்கம் பார்த்துத் திதியை அறிந்து மனதில் வைத்துக்கொள்ளுவார்கள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை.

குருக்கள் மாதத்தையும் திதியையும் கேட்டார்.

"போன நாள்தானே தெரியும் ஐயா. செத்த திதி தெரியாது" என்றார் தமையன். "அமாவாசை எண்டு வையுங்கோ."

"சரி, அமாவாசை" என்று குருக்கள் நீரைக் கையில் எடுத்தார்.

"இல்லை ஐயா" என்றாள் அவள் வாசலில் நின்றபடி. "சித்திரை மாதம். அபரபக்கத் துவாதசி."

யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. தன்னுடைய வயதைச் சொல்லுவது போலச் சொன்னாள். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தமையன் எழும்பிவிட்டார்.

"ஆர் பஞ்சாங்கம் பாத்துச் சொன்னது உனக்கு?"

"நான்தான் பாத்தனான்."

"எப்ப?"

"அவர் வராத அண்டைக்குப் பின்னேரமே" என்றாள்.

தமையன் இருந்த இடத்தில் திரும்ப இருந்தார். குருக்கள் அந்தத் திதியைச் சொல்லிக் கிரியையைத் தொடங்கினார்.